மாப்பிள்ளையாக நடித்தவரே மாப்பிள்ளை

உங்களைத்தான் சொல்கிறேன். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு, என் தங்கை புருஷனைப் பார்த்து "நீ நீ இல்லை" என்று சொன்னவர் நீங்கள்தான். மெஷின் சொன்னது என்று தள்ளிவிடப் பார்க்காதீர்கள். அந்த மெஷினுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த ஆள் ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாததால் நான் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களானால், என்னோடு நீங்கள் பேரம் பேசியதில்லை என்று அர்த்தம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளை ஏழு வருஷமாக ஒரு கம்பெனியின் ஆப்பில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். தினமும் காலையில் வண்டி எடுக்குமுன் செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பொருந்தினால்தான் சவாரி வரும். ஒரு நாள் டயர் மாற்றும்போது ஜாக்கிக் கம்பி எகிறி மேலுதடு கிழிந்துவிட்டது. மீசையை மழித்து ஆறு தையல் போட்டார்கள். காயம் ஆறியது. ஆனால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மறுபடி வண்டி எடுக்கப் போனால் ஆப் சொல்கிறது: "முகம் பொருந்தவில்லை. கணக்கின் உரிமையாளரை அழைத்து வரவும்."

புதுப் படம் போடலாமே என்பீர்கள். தாராளமாகப் போடலாம். அதற்குப் பழைய முகத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் நாடகக்காரர்களுக்குத் திரை, உடுப்பு, ஒட்டு மீசை வாடகைக்கு விடுகிறவன். கடையிலிருந்து ஒரு மீசை எடுத்து வந்து ஒட்டிப் பார்த்தோம். உதடு போன பக்கமே மீசையும் கோணிக்கொண்டு போனது. "போலி முகம்" என்று சொல்லி ஆப் பத்து நாள் தடை போட்டது. தொண்ணூறு நாள் வண்டி ஓட்டாவிட்டால் கணக்கே அழிந்துவிடும் என்றும் ஒரு எச்சரிக்கை அனுப்பியது. ஏழு வருஷம் சேர்த்த நல்ல பெயரும் அதோடு போய்விடும்.

"அண்ணா, இவரு இப்பல்லாம் கண்ணாடியில தன்னையே சந்தேகமாப் பாக்கறாரு. நீ போய்ப் பேசிட்டு வா" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். "ஒருவேளை நான் நெசமாவே மாறிட்டனோ மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி நின்ற நாற்பத்தோராவது நாள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். வரவேற்பில் ஒரு பெண், "எந்தப் பிரிவு சார்?" என்றாள்.

"மூஞ்சிப் பிரிவு."

"அப்படி ஒண்ணு இல்லையே சார்."

"அப்ப எங்க மாப்பிள்ளை மூஞ்சி வேணாம்னு யாரும்மா சொன்னது?"

அவள் என்னை ஏழாம் மாடிக்கு அனுப்பினாள். அங்கேதான் நெறிமுறைப் பிரிவு, அதாவது கம்பெனி செய்வது நியாயமா என்று பார்க்கிற பிரிவு. ஒரு காலத்தில் எல்லாக் கம்பெனி வாசலிலும் மீன்தொட்டி வைத்தார்களே, அதுபோல இப்போது எல்லாரும் ஒரு நெறிமுறைப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே நாற்காலி கிடையாது. மூட்டை போன்ற மெத்தைகள்தான். உட்கார்ந்தால் இன்னொருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்கு வழியே இல்லை.

நெறிமுறைத் தலைவி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா சார்?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். கணக்கைத் திறந்து விடுங்க."

"நாங்க முடிவு எடுக்கற பிரிவு இல்ல சார். எடுத்த முடிவுக்கு வருத்தப்படற பிரிவு."

"அப்ப முடிவு எடுக்கறவங்களைக் காட்டுங்க."

"அவங்க யாருன்னு எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. ஆனா அடுத்த மாசம் நெறிமுறை வாரம் வருது. போன வருஷம் எல்லாருக்கும் பனியன் கொடுத்தோம். இந்த வருஷம் இதை நாடகமாப் போடறோம். அத்தனை பேரும் வந்து பாப்பாங்க. அந்தக் கூட்டத்துல முடிவு எடுத்தவரும் இருப்பாரு. பாத்தா மனசு இளகாதா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. திரையும் உடுப்பும் நானே தருகிறேன் என்றேன். வாடகை கேட்கவில்லை. நான் வாடகை கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

கதை எழுதி வந்தது. கடைசிக் காட்சியில் ஓட்டுநர் கார்ச் சாவியை மேடையில் வைத்துவிட்டு இருட்டுக்குள் நடந்து போகிறார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எங்க மாப்பிள்ளையை இருட்டுல அனுப்பறதுக்கு என் திரை வராது. முடிவுல கணக்கு திறக்கணும்" என்றேன். சட்டப் பிரிவு முடியாது என்றது. கம்பெனியின் நல்ல பெயரைக் காக்கிற பிம்பப் பிரிவு யோசிக்கலாம் என்றது. மூன்று வாரம் விடாமல் மல்லுக்கட்டினேன். கடைசியில், "மேடையில் கணக்கு திறக்கப்படும்" என்று முத்திரை வைத்த தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

"முடிவை மாத்திட்டேன்" என்றேன் தங்கையிடம்.

"எந்த முடிவை?" என்றாள்.

விவரம் புரியாமல் பேசாதே என்று அவளை அடக்கிவிட்டேன்.

இதற்குள் ஒரு குழு, கிழிந்த உதடு பார்ப்பவர்களைச் சங்கடப்படுத்தும் என்று கண்டறிந்தது. கதையிலிருந்து காயம் நீக்கப்பட்டது. ஆக, உதடு கிழியாத, மீசை மழிக்காத, ஒரு குறையும் இல்லாத ஓட்டுநருக்குக் காரணமே இல்லாமல் முகம் பொருந்தாமல் போகிற கதையாக அது உயர்ந்தது. இதில்தான் ஆழம் அதிகம் என்றார் தலைவி.

மாப்பிள்ளையாக நடிக்க வந்தவர் அந்த நெறிமுறைப் பிரிவிலேயே வேலை பார்ப்பவர். கொஞ்சம் சாயல் இருந்தது. மீதிச் சாயலை நான் கொடுத்தேன். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மீசையை முடி முடியாகக் கத்தரித்து ஒட்டினேன். செல்போனும் மாப்பிள்ளையுடையதுதான். "நெறிமுறை நாடகத்துல பொய்யான போன் காட்டறது நெறியில்ல சார்" என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார் தலைவி. கடைசியில் பச்சை விளக்கு போட ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள்.

எண்பத்திரண்டாம் நாள் மதியம், கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாடகம் நடந்தது. எங்கள் மூன்று பேரையும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் நடிகர் போனைத் தூக்கி முகத்தைக் காட்டினார். விளக்குக்காரர் கை வைக்குமுன்பே பின்னால் போனோடு இணைத்திருந்த பெரிய திரையில் எழுத்து வந்துவிட்டது: "முகம் பொருந்தியது. நல்வரவு." அடுத்த நொடியே மணி அடித்து, ஒரு நிஜச் சவாரியும் வந்தது. நடிகர் பயந்துபோய் அதை ரத்து செய்தார். அதையும் நாடகம் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதலில் எழுந்தவன் நான்தான்.

வெளியே வரும்போது ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். "மேடையில் நீங்கள் கண்ட ஓட்டுநர் உண்மையானவரா?" என்று ஒரு கேள்வி. "முற்றிலும் உண்மையானவர்" என்ற கட்டத்தில் எல்லாரும் டிக் போட்டோம். தங்கை போட்டாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் காலை அவர் போனை எடுத்து முகத்தைக் காட்டினார். "முகம் பொருந்தவில்லை."

இரண்டு பேரும் ஏழாம் மாடிக்கு ஓடினோம். தலைவி சிரித்த முகமாக வரவேற்றார்.

"வாழ்த்துக்கள் சார். புகார் தீர்ந்துடுச்சு."

"எப்படித் தீர்ந்துச்சு?"

அவர் படித்துக் காட்டினார்: "உரிமையாளர் நேரில் தோன்றி முகத்தைக் காட்டினார். கணக்கு திறக்கப்பட்டது. சாட்சிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். உரிமையாளர் முதல் சவாரியை மறுத்தது குறித்து அவருக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது."

"அது உங்க ஆளும்மா. வேஷம் போட்டவரு. மீசை என் கடை மீசை."

"முற்றிலும் உண்மையானவர்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்." இன்னொரு தாளை எடுத்தார். "இவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

நடிகர் பக்கத்திலேயே நெளிந்துகொண்டு நின்றார். நல்ல மனுஷன். "மேடம், வேணும்னா நான் தினம் காலையில இவங்க வீட்டுக்குப் போய் மீசை வெச்சு முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

தலைவி அதிர்ந்துபோனார். "அது ஏமாத்து வேலை. நெறிமுறைப் பிரிவுல இருந்துகிட்டு இப்படிப் பேசலாமா? முகம் காட்டறவர்தான் வண்டி ஓட்டணும்."

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே."

"பயிற்சிக்கு ஏற்பாடு பண்ணலாம்."

மாப்பிள்ளை கேட்டார்: "அப்ப நான் யாரும்மா?"

தலைவிக்கு மறுபடி கண் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கதான் சார் இந்தக் கதைக்கே தூண்டுகோல்."

மெத்தையிலிருந்து எங்களை நடிகர்தான் தூக்கிவிட்டார்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். அந்தக் கூடத்தில் நீங்களும் இருந்தீர்கள். எந்த வரிசை என்று தெரியாது. ஆனால் அழாத ஆள் அங்கே ஒருத்தர்கூட இல்லை. ஆகவே நீங்களும் அழுதிருக்கிறீர்கள். கைதட்டியிருக்கிறீர்கள். டிக்கும் போட்டிருக்கிறீர்கள். நானும்தான் செய்தேன். மாப்பிள்ளையின் கணக்கைத் திறக்கச் சொல்ல வேண்டிய வாயால் ஒரு நாடகத்தின் முடிவை மாற்றச் சொல்லிச் சண்டை போட்ட மடையன் நான். என் தப்பை நான் ஒப்புக்கொண்டாயிற்று.

இன்றைக்கு எண்பத்தாறாம் நாள். வண்டி உங்கள் கட்டடத்துக்கு எதிரேதான் நிற்கிறது. மாப்பிள்ளை உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே இறங்கி வாருங்கள். நீங்கள் யார் என்று நான் கேட்க மாட்டேன். கண்ணாடியில் தட்டினால் அவர் திரும்பிப் பார்ப்பார். அந்த முகத்தை, உதடு போன போக்கிலேயே, உங்கள் சொந்தக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். பார்த்துவிட்டு மேலே போய், அவர் கணக்கை அவருக்கே திறந்துவிடுங்கள். இன்னும் நாலு நாள் இருக்கிறது.