பத்துக் குதிரை மாப்பிள்ளை

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். என் கல்யாணத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தரகரே சொல்லி முடித்துவிட்டார். பாக்கி இருந்த ஒன்றைத்தான் நான் சொன்னேன். அவர் சொன்னதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. நான் சொன்ன அந்த ஒன்று, பெங்களூர் விமான நிலையத்தில் ஐம்பது பேர் நடுவில் என் மானத்தை வாங்கியது.

இத்தனைக்கும் பாதித் தவறு எங்கள் ஊர்ப் பேச்சுடையது. எனக்குக் குடவாசலில் மோட்டார் ரீவைண்டிங் கடை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கருகிப்போனால் என்னிடம்தான் வரும். பிரித்துப் போட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் மோட்டாரை ஹெச்.பி. கணக்கில் சொல்ல மாட்டார்கள். அஞ்சு குதிரை, ஏழரைக் குதிரை என்பார்கள். "ஒரு பத்துக் குதிரை படுத்துருச்சுப்பா, வந்து எழுப்பிக் குடு" என்று போனில் கேட்டால் நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

பெண் பார்க்கப் போன அன்று தரகர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்லீங்க. அஞ்சு குதிரையோ பத்துக் குதிரையோ, அவர் கைபட்டா அடங்கிடும்" என்று அடித்துவிட்டார். பெண்ணின் அப்பா நிலம் வைத்திருப்பவர், புரிந்துகொண்டு தலையாட்டினார். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த தேன்மொழி, தஞ்சாவூர் டவுனில் படித்து, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? குதிரை என்றால் குதிரைதான்.

கல்யாணமான மூன்றாம் நாள் கேட்டாள்.

"உங்களுக்குக் குதிரையெல்லாம் ஓட்டத் தெரியுமாமே?"

சின்ன வயதில் தரங்கம்பாடிக் கடற்கரையில் அவள் ஒரு குதிரையைப் பார்த்திருக்கிறாள். ஏறணும் என்று அழுதிருக்கிறாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்றாராம் அவள் அப்பா. அடுத்த தடவை போனபோது கடல் இருந்தது, கோட்டை இருந்தது, குதிரை இல்லை. இதைச் சொல்லும்போது அவள் கண் மின்னியதைப் பார்த்தால் நீங்களும் நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"ம்... தெரியும். கொஞ்சம்."

(அந்தக் 'கொஞ்சம்' அவள் காதில் விழவே இல்லை.)

பொய்யைச் சொன்னதோடு விட்டேனா? எங்கே கத்துக்கிட்டீங்க என்று கேட்டபோது, கோடியக்கரையில் திரிகிற காட்டுக் குதிரைகளை வழிக்குக் கொண்டுவந்ததாக ஒரு கதை விட்டேன். அதில் ஒரு குதிரைக்குப் பெயர்கூட வைத்தேன். கேட்டவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு எந்த மனுஷனுக்கு உண்மையைச் சொல்ல மனசு வரும்?

முதல் கல்யாண நாள் மாசியில் வந்தது. சம்பா அறுவடை முடிந்து மோட்டார்களுக்கும் எனக்கும் ஓய்வான நேரம். தேன்மொழி போனை நீட்டினாள். உதய்பூர் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணை. நாலு நாள் தங்கல், காலையும் மாலையும் சவாரி, போக வர விமானம். எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது.

"எனக்கு 'புதுசு'ன்னு போட்டிருக்கேன். முதல் நாள் காலைல ஆரம்ப வகுப்பு இருக்காம். அதுக்கு வரலேன்னா புதுசா வர்றவங்களைக் குதிரைல ஏத்தவே மாட்டாங்களாம். உங்களுக்கு அதெல்லாம் வேணாம். 'எக்ஸ்பர்ட்'னு போட்டுட்டேன். கொஞ்சம் துடியான குதிரையா கேட்டேங்க. தூஃபான்னு ஒண்ணு இருக்காம்."

பக்கத்துக் கடை ஜமால் பாய்க்கு உருது தெரியும். மறுநாள் அவரிடம் ஓடினேன்.

"தூஃபான்னா புயல் தம்பி" என்றார் நிதானமாக.

டெல்டாக்காரனிடம் புயல் என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். கேஸ் அடுப்புக்கு உதிரி பாகம் விற்கிற ஜமால் பாய்தான் எங்கள் கடைத்தெருவிலேயே குதிரை ஏறிய ஒரே மனிதர். இருபது வருஷத்துக்கு முன்னால், தன் நிக்காஹ் ஊர்வலத்தில், இரண்டு தெரு. முன்னால் பேண்டு வாத்தியம், பக்கத்துக்கு ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, நத்தை வேகம். அந்த அனுபவத்தை வைத்து என்னைத் தயார் செய்ய முன்வந்தார்.

"முதல்ல முகம். எப்பவும் சிரிச்ச மாதிரி இருக்கணும். ரெண்டு பக்கமும் சலாம் சொல்லணும். மாலை கண்ணை மறைச்சா ஊதிவிட்டுக்கணும்."

"பாய், எனக்கு மாலை போட மாட்டாங்க."

"அப்ப உனக்கு ஈசிதான்."

கடையில் பிரிக்காமல் கிடந்த ஒரு பழைய பத்துக் குதிரை மோட்டாரின் மேல் தலையணையைக் கட்டி, அதில் என்னை உட்காரவைத்து, ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் அதிர்ந்தது. என் பல்லும் அதிர்ந்தது. நான் சிரித்தபடி இடமும் வலமும் சலாம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி உள்ளே வந்துவிட்டார்.

"என்னப்பா பண்றே?"

"பேரிங் செக் பண்றேங்க."

அவர் கொண்டுவந்த மோட்டாரை வெளியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முழங்கால் வரை ஷூ வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அதற்கும் பாய் வழி வைத்திருந்தார். முத்துப்பேட்டையில் இறால் பண்ணை வைத்திருக்கும் அவர் மச்சான் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தனுப்பினார். என் காலுக்கு ஒரு அளவு சின்னது. பையில் வைத்தால் எடை கூடும் என்று காலிலேயே மாட்டிக்கொண்டு, பைக் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குள் நுழைந்தேன்.

அது எனக்கு முதல் விமானப் பயணம். ஆகாயத்தில் பறப்பதுதான் பயம் என்று நினைத்திருந்தேன். தரையில் படுகிற பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாதுகாப்புச் சோதனையில் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள் (பன்னிரண்டு வருஷம் என் நெஞ்சோடு இருந்த டெஸ்டர்). பிறகு பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். வியர்வையில் அது காலோடு ஒட்டியிருந்தது. நான் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, ஒரு காவலர் குனிந்து இழுத்தார். வரவில்லை. இன்னொருவர் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சேற்றிலிருந்து எருமை காலை எடுக்கிற சத்தத்தோடு அது வெளியே வந்தபோது, இறால் வாசனை அந்தக் கூடம் முழுக்கப் பரவியது. அடுத்த காலை அவர்கள் கேட்கவில்லை. போங்க சார் என்று விட்டுவிட்டார்கள்.

பத்து மணி விமானம். அரை மணி நேரம் தாமதம் என்றார்கள். அந்த அரை மணி முடிந்ததும் இன்னொரு அரை மணி. அப்படியே ஆறு அரை மணி நேரம். முழுசாக மூன்று மணி நேரம் என்று சொன்னால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தவணை முறையில் சொல்கிறார்கள். சுற்றியிருந்த எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் உள்ளூரக் குளிர்ந்தவன் நான் ஒருவன்தான். பெங்களூரில் உதய்பூர் விமானத்தைத் தவறவிட்டால் தேன்மொழியின் வகுப்பு போகும், பயணமே ரத்தாகும். தூஃபான் இல்லை, என் பொய்யும் தப்பியது!

கண்ணெதிரே நிற்கிற விமானத்துக்குப் போக ஒரு பஸ். பஸ்ஸில் ஏறி, கதவை மூடி, கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். விமானத்தில் எனக்கு நடு இருக்கை. முன்னால் இருந்தவர் உட்கார்ந்த உடனே சீட்டைச் சாய்த்து என் மடியில் படுத்துக்கொண்டார். மடியில் ஏற்கெனவே ஹெல்மெட் இருந்தது. ஏறும்போது காது அடைத்தது, இறங்கும்போது மறுபடி அடைத்தது. சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் அத்தனை பேரும் எழுந்து, கதவு திறக்கும் வரை கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள். உட்கார்ந்தால் என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பெங்களூரில் இறங்கியதும், ஹெல்மெட்டையும் பூட்ஸையும் பார்த்த ஒருவர், "பிரியாணி ஆர்டர் என்னுதுதான்" என்று கை நீட்டினார்.

எங்கள் விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது நாலரை மணிக்கு, அதில் இடமில்லை, நாளைதான் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். நல்லவேளை, தமிழ்ப் பெண். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள மெனக்கெட்டேன். அப்புறம்தான் தேன்மொழியைப் பார்த்தேன். போனில் பண்ணைக்காரர்களின் விதிமுறையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"இவங்களுக்கு நாளைக்குக் காலைல வகுப்பு. அதை விட்டா ஏத்த மாட்டாங்களாம்" என்று நானே கவுண்டரில் சொன்னேன்.

"அதனால என்ன சார்? நீங்க எக்ஸ்பர்ட்டுன்னு மேடம் இப்பதான் சொன்னாங்க. நீங்களே பேசி ஏத்திவிட்டுக் கத்துக்கொடுங்களேன்."

தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமால்ல. நீங்க இருக்கீங்களே. வாங்க, போகலாம்" என்று வரிசையை விட்டு நகர்ந்தாள்.

அந்தச் சிரிப்பு இல்லையென்றால் நான் தப்பியிருப்பேன். என்னை நம்பி அவள் இரண்டாவது தடவையும் குதிரையை இழக்கப்போகிறாள் என்று தோன்றியதும் கவுண்டர் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

"எனக்குக் குதிரை ஏறத் தெரியாதுங்க. தொட்டதுகூடக் கிடையாது. பொய் சொல்லிட்டேன். இவங்களை மட்டும் எப்படியாவது அனுப்பி வெச்சிடுங்க."

நான் உரக்கப் பேசியிருக்கிறேன் போல. வரிசை முழுக்க என் பக்கம் கழுத்தைத் திருப்பியது. தேன்மொழி திரும்பி வந்தாள்.

"அப்ப பத்துக் குதிரை?"

"அது மோட்டாரு."

"கோடியக்கரை?"

"அங்க ஒரு தடவை பம்ப் செட் ரிப்பேருக்குப் போயிருக்கேன்."

பின்னால் நின்ற ஒரு பெரியவர் ஆர்வமாகத் தலையை நீட்டி, "சப்மெர்சிபிளா, மோனோபிளாக்கா?" என்றார்.

அவ்வளவுதான். வரிசையில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மற்றவர்களுக்குக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் விளக்க, அவர்களும் தவணையில் சிரித்தார்கள். கவுண்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினாள், யாருக்கோ போன் செய்தாள், மறுபடி தட்டினாள்.

"ஒரே ஒரு சீட் இருக்கு சார்."

தேன்மொழி சீட்டை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஹெல்மெட்டைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். போய்விட்டாள்.

மறுநாள் மதியம் நான் போய்ச் சேரும் வரை அவளிடமிருந்து ஒரு போன் இல்லை. ஒரு குறுஞ்செய்தி மட்டும்: "சாப்பிட்டீங்களா." அதில் கேள்விக்குறிகூட இல்லை. ஆனாலும் அதைப் பற்றிக்கொண்டு விமானத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் நடு இருக்கைதான்.

பண்ணையின் வேலி ஓரத்தில் ஒரு செந்நிறக் குதிரை நடந்து வந்தது. மேலே என் ஹெல்மெட், அதற்குள் தேன்மொழி. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து நிறுத்தி, மேலேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க பேருக்கு எதிர்ல இருந்த எக்ஸ்பர்ட்டை நேத்தே அடிச்சிட்டேன். கெஞ்சிக் கேட்டு, உங்களுக்குன்னு நாளைக்குக் காலைல தனியா வகுப்பு வாங்கியிருக்கேன்."

"தேனு..."

"இன்னும் எத்தனை குதிரை பாக்கி இருக்கு? இப்பவே இறக்கிடுங்க."

யோசித்தேன். "உன் மோர்க்குழம்பு எனக்குப் பிடிக்காது."

"இது அரைக் குதிரை. மன்னிச்சாச்சு" என்றாள்.

மறுநாள் எனக்கு ராணி என்ற வயதான குதிரையைக் கொடுத்தார்கள். அது நாலடி நடக்கும், புல் மேயும். அதன் மேலிருந்தும் நான் ஒருமுறை விழுந்தேன். "சிரிச்ச மாதிரி இருங்க" என்று தேன்மொழி கத்தினாள். ஜமால் பாயின் பாடத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். நான்காம் நாள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஏரிக்கரை வரை போய் வந்தோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல அரை மணி நேரம் இன்னும் வரவில்லை.

எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் பொய்யைக் குதிரைக் கணக்கில்தான் அளக்கிறோம். வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது என்று எங்கள் மகள் சொன்னால், "எத்தனை குதிரை?" என்று கேட்போம். மாமனார் வீட்டிலும் இது பரவி, மச்சினன் பெண் பார்க்கப் போனபோது அவனே எழுந்து நின்று, "எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தானாம்.

போன வாரம் குடமுருட்டி ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தது. மகள் ஓடிவந்து கேட்டாள்.

"அப்பா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"தெரியாதும்மா" என்றேன் அவசரமாக.

தேன்மொழி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நீங்கதான் நல்லா நீந்துவீங்களே?"

"நீந்துவேன். எதுக்கு வம்பு?"