ஜெராக்ஸ் அண்ணனும் எலுமிச்சை சாதமும்

வேலூர் முதல் வாணியம்பாடி வரை எந்தக் கம்பெனியில் தொழிலாளர்கள் எதை ஜெயித்தாலும், மறு ஞாயிறு ஜெயித்தவர் வீட்டு வாசலில் ஜெராக்ஸ் அண்ணனின் மொபெட் நிற்கும். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அவர் கட்டிங் பிரிவு. நான் தையல் பிரிவில் செக்கிங். எப்படி ஜெயித்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டு வந்து, அதை அப்படியே செய்யச் சொல்வார். எது பலித்தது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

வாணியம்பாடியில் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு நிர்வாகத்திடம் மின்விசிறி கேட்டு வாங்கினார்கள். எங்கள் கம்பெனியில் மரமே கிடையாது. அண்ணன் தொட்டியோடு ஒரு வேப்பங்கன்றைத் தூக்கி வந்தார். முழங்கால் உயரம்.

“இதுக்குக் கீழ எப்டிண்ணே உக்கார்றது?” என்றாள் தையல்காரி ஷகிலா.

“பக்கத்துல உக்காரும்மா, போதும்.”

மின்விசிறி வரவில்லை. கன்று நன்றாக வளர்ந்தது.

அடுத்தது டோக்கன். தையல் பிரிவுக்கே ஒரு பிளாஸ்டிக் டோக்கன்தான். அது கையில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். போனவர் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். ஷகிலாவுக்கு அப்போது ஆறாவது மாதம். டோக்கனுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டவள், ஒரு நாள் மிஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள்.

அந்த ஞாயிறு அண்ணன் குடியாத்தம் போனார். அங்கே ஒரு விசைத்தறிக் கூடத்தில் குடிதண்ணீருக்கு ஒரே டம்ளர். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து அந்த டம்ளருக்கு வரிசையில் நின்றார்களாம். தறிகள் நின்றன, டம்ளர்கள் வந்தன.

“செவ்வாக்கெழம எல்லாரும் டோக்கனுக்கு லைன்ல நிக்கிறோம்,” என்றார் அண்ணன். “காலைல லெமன் சாதம் சாப்ட்டு வரணும்.”

“அது எதுக்குண்ணே?”

“அங்க அன்னிக்கு அதான் சாப்ட்டாங்க. எதுல ஜெயிச்சாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்?”

“எனுக்கு ஒண்ணும் பேஜாரில்லண்ணே. புளிப்புன்னா ரெண்டு டப்பா சாப்ட்றேன்,” என்றாள் ஷகிலா.

செவ்வாய்க்கிழமை மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. மேனேஜர் ஓடி வந்தார்.

“இன்னாம்மா, ஸ்ட்ரைக்கா?”

“இல்ல சார். ரூல்படி டோக்கனுக்கு நிக்கிறோம்,” என்றாள் முதலில் நின்ற ஷகிலா.

வரிசையின் கடைசியில் அண்ணன். கட்டிங் பிரிவில் டோக்கனே கிடையாது.

“லேடீஸ் லைன்ல உனக்கு இன்னாய்யா வேலை?”

“குடியாத்தத்துல ஆம்பளைங்களும் நின்னாங்க சார்.”

வரிசை நகரும் வேகத்தை மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் டோக்கனைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார். அது திரும்பி வரவில்லை. அன்று முதல் டோக்கன் இல்லாமலே கழிப்பறைக்குப் போய் வந்தோம்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். போன ஞாயிறு ராணிப்பேட்டையிலிருந்து இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டார்கள். வரிசையைப் பற்றி ஒழுங்காகச் சொன்னேன். தெருமுனை வரை போனவர்களை மறுபடி கூப்பிட்டு, எலுமிச்சை சாதத்தையும் சொல்லி அனுப்பினேன்.