தேடாமலே கிடைத்த எல்போ

"இது தேடவே இல்லையே மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

மாப்பிள்ளையின் இரண்டு வருட உழைப்பு அந்தத் திரையில் இருந்தது. 'அரை இஞ்ச் எல்போ' என்று தட்டிவிட்டு மாமனார் விரலை எடுப்பதற்குள் குழாயை மடக்கித் திருப்பும் அந்த வளைவுத் துண்டில் பன்னிரண்டு வகையும் படத்தோடு வந்து வரிசையில் நின்றுவிட்டன. மனுஷர் அசந்துபோவார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனைப் பார்ப்பது போல் திரையை முறைத்தார்.

"தேடிருச்சு மாமா. அவ்வளவு வேகம்."

"தேடுனா எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா குழாய்க் கடை வச்சிருக்கேன். சரக்கு காலடியிலயே கெடந்தாலும் ஒரு தடவ ஏணி ஏறி இறங்கிட்டுத்தான் எடுத்துக் குடுக்கணும். அப்பதான் வாங்குறவனுக்குத் திருப்தி."

குழாய், எல்போ, வால்வு, வாஷர் என்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் உருப்படிகளை அவர் இணையத்திலும் விற்றுக்கொண்டிருந்தார். "எதத் தேடுனாலும் பத்து நொடி ஆகுது" என்று சாப்பாட்டு மேஜையில் அவர் புலம்பாத நாள் கிடையாது. ஒரு நாள் மாப்பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். சொல்லி வைத்த மாதிரி பத்து நொடி. அன்றைக்கும் அந்தத் திரை யோசித்து முடிப்பதற்குள் மாமனார் தேடிய வால்வையே பார்சல் கட்டும் அக்கா கையில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். ஒரு பொம்பளையின் ஞாபகசக்திக்கு முன்னால் கணினி தோற்பதா என்று மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது.

வேலையை விட்டான். கடைச் சரக்குப் பட்டியலுக்கென்றே ஒரு டேட்டாபேஸ் எழுத உட்கார்ந்தான். மற்றவை ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க்குக்குள் இறங்கித் துழாவும். இவனுடையது மொத்தப் பட்டியலையும் கணினியின் நினைவிலேயே விரித்து வைத்திருக்கும். கேட்டதும் கொடுக்கும்.

அதைத்தான் இப்போது மாமனாருக்கு விளக்கினான்.

"அதாவது, மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு," என்றார் அவர்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

"மனப்பாடம் பண்றவன நம்பக்கூடாது." அவர் யோசித்து, இன்னொன்றைத் தட்டினார்: 'தங்க வாஷர்.'

'இல்லை' என்று வந்துவிட்டது, தட்டிய வேகத்தில்.

"பாத்தீங்களா? இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மரியாதைக்காவது தேடிப் பாக்க வேண்டாமா?"

மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கவுன்ட்டர் ஆட்கள் போடும் சட்டை. மாப்பிள்ளையின் அளவுக்கே தைத்தது. மாமியார் ஆசையாக, பையின் மேல் 'மாப்பிள்ளை' என்று வெள்ளை நூலில் பின்னி வேறு கொடுத்திருந்தார்.

"இன்னைக்குப் புதன். சனிக்கிழமைக்குள்ள எனக்குத் திருப்தி வரணும்," என்றார் மாமனார். "இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து கவுன்ட்டருக்கு வந்துடுங்க. ஏணி தயாரா இருக்கு."

மாப்பிள்ளைக்கு ஏணி என்றால் தலை சுற்றும். அதைவிட, இரண்டு வருடமாகத் தன்னைக் கிண்டல் செய்த சொந்தக்காரர்கள் முன்னால் அந்தச் சட்டையோடு நிற்பதை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து, ஏழு நொடிக்கு ஒரு சக்கரம் சுற்றுவது மாதிரி செய்தான். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும் வேலைக்கு ஏழு நொடி நடிப்பு! பெற்ற பிள்ளையை நொண்டச் சொல்லிக் கொடுப்பது போல் இருந்தது அவனுக்கு.

"இப்ப ஏதோ தேடுது," என்றார் மாமனார், வியாழன் காலையில். "ஆனா எங்க தேடுதுன்னு தெரியலையே."

சரி, இது பெரிய விஷயமா? சக்கரத்துக்குக் கீழே நான்கைந்து வரிகளைச் சேர்த்து, மாறி மாறி வரும்படி விட்டான். 'கீழ்த்தளத்தில் பார்க்கிறது', 'இரண்டாம் மாடியில் பார்க்கிறது', இப்படி வாய்க்கு வந்தது. சேர்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனான். அங்கேதான் சனியன் பிடித்தது.

திரும்பி வந்தால் மாடிப்படி முழுக்க மூட்டை. சுமைக்காரர்கள் மூன்று பேர் வியர்த்து வடிந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா இது?"

"எல்போவ இரண்டாம் மாடியில தேடுது மாப்பிள்ளை. நான் முட்டாள் மாதிரி அத கீழ்த்தளத்துல வச்சிருக்கேன். அதான் மேல ஏத்தச் சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் சொன்னா காரணம் இருக்கும்."

கடைசி மூட்டையும் மேலே போனபின் மாமனார் ஆசையோடு மறுபடி தட்டிப் பார்த்தார். 'கீழ்த்தளத்தில் பார்க்கிறது' என்று வந்தது.

மூத்த சுமைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "முதலாளி, நீங்களும் கம்ப்யூட்டரும் முதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நாங்க அதுவரைக்கும் டீ குடிச்சிட்டு வரோம்."

மூட்டைகள் சாயங்காலம் கீழே இறங்கின. மாப்பிள்ளையும் பாதி மூட்டை தூக்கினான். பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் சரியான இடத்தையே எழுதிக் காட்டும்படி திருத்தினான். மாமனாருக்குப் பரம திருப்தி.

"இப்பதான் மனுஷன் மாதிரி நிதானமா தேடுது. பழச எடுத்துட்டு நாளைக்கே கடையில போட்டுடுங்க."

போட்டான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் போன் வந்தது. பதினொரு மணிக்கு ரிசீவரைக் கீழே வைக்க முடியவில்லை.

"உங்க கடை தூங்குதா? ஒரு வாஷர் பாக்குறதுக்குள்ள என் வீட்டுல தண்ணி முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு," என்றார் ஒரு வாடிக்கையாளர்.

மாமனாரின் முகம் சுண்டிப்போனது. "பழசு பத்து நொடி ஆச்சு, ஒருத்தன் வாயத் திறக்கல. உங்களது ஏழே நொடி, ஊரே கத்துது. என்ன மாப்பிள்ளை இது?"

மாப்பிள்ளைக்கும் அதுதான் புரியவில்லை. சக்கரத்தை எடுத்தால் மாமனார் நம்பமாட்டார். வைத்தால் வாடிக்கையாளர் திட்டுவார். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆகிவிட்டான். மாமனார் கண் நீலச் சட்டை தொங்கிய ஆணிப் பக்கம் போனதை வேறு கவனித்தான்.

சாயங்காலம் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் மனைவி காபியை நீட்டினாள்.

"ஏங்க, எங்கப்பா ரூம் கடிகாரம் எப்பவும் பதினஞ்சு நிமிஷம் வேகமா ஓடும், தெரியுமா?"

"ரிப்பேரா?"

"அம்மாதான் அப்படித் தள்ளி வச்சிருக்காங்க. இல்லன்னா அவர் நேரத்துக்குக் கிளம்ப மாட்டார். வீட்டுல மத்த கடிகாரம் எல்லாம் சரியாத்தான் ஓடுது. எங்கப்பாவ யாரும் திருத்த முடியாதுங்க. அவர் கடிகாரத்த மட்டும் திருத்திக்கணும்."

மாப்பிள்ளை காபியைக் குடிக்காமலே எழுந்து ஓடினான்.

வேலை ஐந்து வரிதான். மாமனாரின் பெயரில் லாகின் செய்தால் மட்டும் சக்கரம் சுற்றும். பழசுக்குக் கொஞ்சமும் குறையக் கூடாதென்று பத்து நொடியாகவே வைத்தான். மற்ற அத்தனை பேருக்கும் தட்டியதும் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை போன் அடிக்கவே இல்லை. பதினொரு மணிக்கு ஒரே ஒன்று அடித்தது. நேற்றுத் தண்ணீரில் நின்றவர்தான். "இப்ப சரியாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மாமனார் தன் அறையில் 'தங்க வாஷர்' என்று தட்டினார். கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி எல்லாம் பார்த்துவிட்டு, பத்து நொடி கழித்து 'இல்லை' என்றது திரை.

"இது பேச்சு!" அவர் மேஜையைத் தட்டினார். "இருக்கிற எடமெல்லாம் தேடிட்டு, பொறுப்பா இல்லைன்னு சொல்லுது பாருங்க."

கடை ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். சுமைக்காரர்கள் ஓரமாக, ஜாக்கிரதையாக நின்றார்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. வேகமும் வேணும், நிதானமும் வேணும். ரெண்டையும் ஒரே டப்பாவுக்குள்ள அடைச்சவர் என் மாப்பிள்ளை. எவனாவது இனிமே இவரு வீட்டுல சும்மா உக்காந்திருந்தாருன்னு சொன்னா என்கிட்ட அனுப்புங்க. திங்கக்கிழமையிலேர்ந்து மாடியில இவருக்குத் தனி அறை."

சொல்லிவிட்டு, ஆணியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்து பார்சல் அக்காவிடம் கொடுத்தார். "தூசி தட்ட வச்சுக்க."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கட்டுமே, இரண்டு வருடம் காத்திருந்த சொல் அது. மாமனார் இனிப்பு வாங்கி வர ஆள் அனுப்பினார். மூத்த சுமைக்காரர் முதுகில் தட்டிக் கொடுத்தார், வலிக்கும்படியாகவே.

கூட்டம் கலைந்தபின் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. பார்சல் மேஜைப் பக்கம் போய்க் குனிந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பத்து நொடி மாமாவுக்கு மட்டும்தான். அவர் தட்டுனா மட்டும் மெதுவா வர மாதிரி வச்சிருக்கேன்."

பார்சல் அக்கா ஆச்சரியப்படவில்லை. சட்டையை உதறி நான்காக மடித்து, 'மாப்பிள்ளை' என்ற எழுத்து உள்பக்கம் போகும்படி பார்த்து வைத்தாள்.

"பழச எழுதிக் குடுத்தவரும் இதேதான் தம்பி செஞ்சாரு, முதலாளி ஒருத்தருக்குத்தான் பத்து நொடி, எங்களுக்கெல்லாம் அப்பவே தட்டுனதும் வந்துடும்."