எச்சில் டாக்டரின் பதினோரு கட்டுரைகள்

கோலாலம்பூரில் எச்சில் டாக்டரைப் போல இன்னொரு பயந்தாங்கொள்ளி பிறந்ததே இல்லை. பிறந்திருந்தால் லிஃப்டுக்குப் பயந்து இந்நேரம் ஏதாவது மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருந்த ஆராய்ச்சி அலுவலகத்தில் அந்த அம்மாள் மனநல ஆய்வாளர். நான் கெராணி, அதாவது குமாஸ்தா. இளம்பிள்ளைகளுக்கு வரும் மனச்சோர்வின் தடயம் காலை எச்சிலில் இருக்கிறதா என்பதுதான் அவருடைய ஆய்வு. விடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் போகும்.

"பசியாறிடாதம்மா! முதல்ல நான் அனுப்பின குழாய்ல துப்பு. அப்புறம் பசியாறு லா!"

அந்த எச்சில் குழாய்களெல்லாம் டப்பாக்களில் அடுக்கி எங்கள் ஃபிரிட்ஜுக்கு வரும். ஒருநாள் அதில் ஒன்றை ஐஸ்கிரீம் டப்பா என்று நம்பி ஆசை ஆசையாய்த் திறந்துவிட்டேன். சீச்சீ! அன்றிலிருந்து என் சாப்பாட்டை மேசைக்கடியில்தான் வைப்பேன்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு மடித்த தாள் இருக்கும். இதுவரை வெளிவந்த கட்டுரைகளின் பட்டியல். மொத்தம் பதினொன்று. வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பன்னிரண்டு வேண்டும். நெஞ்சு படபடத்தால் தாளை எடுத்துத் தலைப்புகளை முணுமுணுப்பார். பார்க்கிறவர்கள் ஏதோ தோத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தால் தொலைந்தேன்.

"அக்கா, நீங்க திறங்க. நான் பார்க்க மாட்டேன்."

அலமாரிக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொள்வார். நான் வாய்விட்டும் சொல்லக் கூடாது. கெட்ட செய்திக்கு ஒரு இருமல், நல்ல செய்திக்கு இரண்டு. ஒருமுறை எனக்குச் சளி. நிராகரிப்புக் கடிதத்துக்கு ஏழு தடவை இருமித் தொலைத்தேன். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவர் கீழே ஓடி, பூக்கடை முழுக்க லட்டு கொடுத்துவிட்டார்.

"ஏழு தடவை இருமினீங்களேக்கா! ரொம்பப் பெரிய இதழ் போலன்னு நினைச்சேன்!"

கொடுத்த லட்டைத் திருப்பியா கேட்க முடியும்?

ஒருவழியாகப் பன்னிரண்டாவது கட்டுரை கிட்டத்தட்டத் தயாரானது; கடைசிக் குழாய்களின் கணக்கு மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் ஒப்பந்தம் பிழைக்கும். பார்த்து வைத்தாற்போல் அந்த வாரம்தான் நாற்பத்தொன்றாம் எண் காணாமல் போனது. கிள்ளானில் இருக்கும் கல்லூரிப் பெண். பெயரை டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டார். கடைசிக் குழாய் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

எங்கள் அலுவலகத் தலைவரான பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "நாற்பத்தொன்னைத் தள்ளிட்டு அனுப்பும்மா. பாதியில நின்னுபோறவங்க எல்லா ஆய்விலயும் உண்டு."

லிஃப்டுக்கே நடுங்கும் மனுஷி அன்று குரலை உயர்த்தினார். "எச்சில் வரலன்னா தள்ளிடலாம் ப்ரோஃப். புள்ளையையே காணோமே, எப்படித் தள்றது?"

புதன், வியாழன் இரண்டு நாளும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனார். அந்தப் பெண்ணின் அம்மா வாசல் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமையும் போனார். இங்கே நான் ஐந்து நிமிடத்துக்கொரு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண்ணை நினைத்தா, அனுப்பாத கட்டுரையை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் அஞ்சு மணியும் அடித்தது. கெடு முடிந்தது.

திங்கட்கிழமைதான் விவரம் சொன்னார். மூன்றாம் நாள் அந்த அம்மா மனமிரங்கி உள்ளே விட்டாராம். பெண் அறையைப் பூட்டிக்கொண்டு பல நாளாம். கதவுக்கு வெளியே இவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. பயத்தில் அந்தத் தாளை எடுத்து, பதினோரு தலைப்புகளையும் சத்தமாகப் படித்திருக்கிறார். பதினொன்றாவதில் கதவு திறந்ததாம்.

"'போதும் டாக்டர், ப்ளீஸ்'னு சொன்னா, அக்கா. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். என் கட்டுரை அவ்ளோ போரா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தம் பற்றி மின்னஞ்சல் வந்தது. டாக்டர் வழக்கம்போல் அலமாரிக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தேன். நீட்டிக்கவில்லை, இதுவரை உழைத்ததற்கு நன்றி, அவ்வளவுதான். ஒற்றை இருமலுக்கு வாயைத் திறந்தேன்.

அப்போது வாசலில் ஒரு மெலிந்த பெண் வந்து நின்றாள். பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் காட்டினாள். அதில் நாற்பத்தொன்று என்று ஒட்டியிருந்தது.

நான் இரண்டு தடவை இருமினேன்.

டாக்டர் கண்ணைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "பசியாறல டாக்டர், துப்பிட்டுதான் வந்தேன்" என்றாள் அவள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டவர்தான், கடிதத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனார்.

அந்தக் கடிதத்துக்கு உரிய ஒற்றை இருமலை, மறுநாள் காலை அவர் பசியாறி முடிக்கும்வரை தொண்டையிலேயே அடக்கி வைத்திருந்தேன்.