மீனலோசனிக்கு நான் செய்த அர்ச்சனை

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாகவே எனக்குள் இழுபறி. மகளின் வாழ்க்கை சம்பந்தப்பட்டது என்று முதலில் விட்டேன். பிறகு பேரப்பிள்ளை பிறந்தது, அது நடக்கத் தொடங்கட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகு விட்டதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வெட்கம்தான். படிப்பும் எனக்குப் பெரிதாக இல்லை; இடப்பெயர்வுகளுக்கு நடுவே எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது. பிள்ளையார் சாட்சி. (அவர் மெய்யாகவே சாட்சி. எல்லாம் அவருக்கு முன்னால்தான் நடந்தது.)

என் பெயர் சிவபாதம். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிறேன். எங்கள் பிள்ளையார் கோயில் நிர்வாக சபைக்கு நான்தான் தலைவர். காலையில் திருநீறு, மாலையில் தேவாரம், வெள்ளிக்கிழமை விரதம் என்று இருக்கிறவனுக்கு நாடகம் பார்க்கிறவர்களைக் கண்டால் எப்படி இருக்கும்? (இந்தியாவிலிருந்து டிஷ்ஷில் வருகிற தொடர்களை நாங்கள் நாடகம் என்றுதான் சொல்வோம்.) ஏழரை மணிக்கு என் மனைவி பரமேஸ்வரி ரீவிக்கு முன்னால் இருந்தால், நான் சாமியறையில் இருந்து வேண்டுமென்றே உரத்துத் தேவாரம் பாடுவேன். அவள் ரீவிச் சத்தத்தைக் கூட்டுவாள். நான் என் சத்தத்தைக் கூட்டுவேன். முன்பள்ளி ஆசிரியையான எங்கள் ஒரே மகள் தர்சினி இரண்டுக்கும் நடுவில் இருந்து, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்குக் கடதாசி மட்டையில் முயல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த ஆணவத்துக்குத்தான் பிள்ளையார் என்னை வாய்க்கால் வரம்பில் வழுக்க வைத்தார். கால் முறிந்தது. பிளாஸ்ரர் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். கட்டிலுக்கு நேரே ரீவி.

முதல் சில நாள் ஏழரை மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிவபுராணம் சொன்னேன். கண்ணை மூடலாம், காதை மூட முடியாதே. ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“இஞ்சாரும், உந்தப் பிள்ளை ஏன் ஒவ்வொரு நாளும் அழுகுது?”

பரமேஸ்வரி திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “முதல்லை இருந்து சொல்ல வேணும். கேக்கிறதெண்டா ஒழுங்காக் கேளுங்கோ. நடுவிலை தேவாரம் பாடக்கூடாது.”

அந்தப் பிள்ளையின் பெயர் மீனலோசனி. தாய் தகப்பன் இல்லாதவள். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரிடம் படாத பாடு படுகிறவள். அவ்வளவு துன்பத்திலும் விளக்கு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. (அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். வாய்க்காலில் விழுந்ததை விடப் பெரிய விழுகை.) பிளாஸ்ரர் வெட்டிய பிறகும் எனக்கு அந்தக் கட்டிலை விட்டு எழும்ப மனம் வரவில்லை. ஏழு மணிக்கு நடக்கிற நிர்வாக சபைக் கூட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றினேன். “யானை வாற நேரம், சனம் இருட்டிலை போறது ஆபத்து” என்று காரணம் சொன்னேன். சபை என் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டியது.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, நிறைமாதக் கர்ப்பிணியான மீனலோசனி மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். படிக்கு மேலே மாமியார் கையை நீட்டியபடி நிற்கிறாள். ஆசுபத்திரி. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இனி எங்கள் கையில் இல்லை. கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்” என்றார். தொடரும் என்று போட்டார்கள்.

தொடரவில்லை. திங்கட்கிழமை அதே நேரத்துக்கு வேறு ஒரு பெண் வேறு ஒரு வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அது நிப்பாட்டியாச்சாம் அம்மா” என்று தர்சினி போனில் பார்த்துச் சொன்னாள். “ஆக்கள் பாக்கிறது காணாதாம்.”

“ஆக்கள் பாக்கிறேல்லையோ? அப்ப நாங்கள் ஆர்?” என்று பரமேஸ்வரி கத்தினாள். “கதையை நிப்பாட்டலாம் பிள்ளை. வயித்திலை இருக்கிற குழந்தையை எப்பிடி நிப்பாட்டுறது?”

அன்று எங்கள் குசினியில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீடுகளிலும் எரியவில்லை என்று கேள்வி. சந்தையில் பெண்கள் துக்கம் விசாரிப்பதுபோலக் கையைப் பிடித்துக் கதைத்தார்கள். நான் ஆண்பிள்ளை, வாய்விட்டுக் கதைக்கவும் முடியாது. வயலுக்குப் போடுகிற பசளை மூட்டைக்கு மேல் குந்தியிருந்து யோசித்தேன். டொக்டர் கைவிட்டார், தொலைக்காட்சிக்காரர் கைவிட்டார், கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார்கள். கோயில் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகியிருக்கிற நான் சும்மா இருக்கலாமா?

அவள் எழும்பினாள் என்ற செய்தி கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமை தோறும் அர்ச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டேன். பரமேஸ்வரி கண்கலங்கி, “உங்களுக்கு இவ்வளவு நல்ல மனசெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே” என்றாள்.

அர்ச்சனைக்குப் பெயர் மட்டும் போதாதே, நட்சத்திரம் வேண்டும். மீனலோசனியின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? கடைசியில் நாடகம் தொடங்கிய நாளையே அவள் பிறந்த நாளாக எடுப்பதென்று தீர்மானித்தோம். தைப்பூசத்துக்கு அடுத்த நாள்தான் தொடங்கியது என்று பரமேஸ்வரிக்கு நல்ல ஞாபகம். பூசத்துக்கு அடுத்தது ஆயிலியம்.

ஐயரிடம் போய், “மீனலோசனி, ஆயிலியம். ஆசுபத்திரியிலை கிடக்கிறா. பிள்ளை சுகமாப் பிறக்க வேணும்” என்றேன். ஆர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல மனிதர். எங்கள் குடும்பத்துப் பெயர்களோடு அந்தப் பெயரையும் மனதில் பதித்துக்கொண்டு, வெள்ளிக்கு வெள்ளி ஒன்றும் விடாமல் சொல்லிவந்தார்.

இந்த நேரத்தில்தான் தர்சினிக்கு உடையார்கட்டுப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நிரோஜன், அரசாங்க உத்தியோகம். தர்சினியின் ரோகிணிக்கு அவருடைய சாதகம் நன்றாகப் பொருந்தியது. முன்பு வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் முகத்தைச் சுளித்த பிள்ளை, இவருடைய படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய், மட்டை முயலுக்கு மூன்று காது வெட்டினாள். தாய்க்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. இது எப்படியும் சரிவர வேண்டும் என்று நாங்கள் இருவரும் இரவு பகலாய்க் கடவுளைக் கும்பிட்டோம்.

பெண் பார்ப்பதைக் கோயிலில் வைப்பது எங்கள் பக்க வழக்கம். சரிவராவிட்டாலும் கும்பிட வந்ததாகப் போய்விடும், ஒருவருக்கும் அவமானம் இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு மாப்பிள்ளை, தாய் தங்கேஸ்வரி அம்மா, தகப்பன் மூவரும் வந்தார்கள். கோயிலுக்குப் புதிதாக மைக் வாங்கியிருந்த சமயம். தலைவரின் பெருமையைச் சம்பந்தி வீட்டார் கேட்க வேண்டாமா? ஐயரின் காதுக்குள், “எங்கட வீட்டு அர்ச்சனையை ஒண்டும் விடாமல், மைக்கிலை வடிவாச் சொல்லுங்கோ ஐயா” என்றேன்.

ஐயர் ஒன்றும் விடவில்லை.

சிவபாதம், பரமேஸ்வரி, தர்சினி ரோகிணி நட்சத்திரம் என்று கணீரென்று சொல்லிக்கொண்டு வந்தவர், மூச்சை இழுத்து, “மீனலோசனி, ஆயிலிய நட்சத்திரம், வருத்தம் நீங்கிச் சுகப்பிரசவம் ஆக வேண்டி” என்றார். ஒலிபெருக்கி அதை வயல்வெளி முழுவதற்கும் கொண்டுபோனது.

மாப்பிள்ளையின் தாய் கும்பிட்ட கையை மெல்ல இறக்கினார்.

ஆயிலியத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. ஆயிலியத்தை மறைத்து வேறு சாதகம் கொடுத்த வீடுகளும் உண்டு. சாதகத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதும் வழக்கம். இப்போது அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரே மகள் உள்ள வீடு. அந்த வீட்டு அர்ச்சனையில் ஒரு ஆயிலியம். அதற்குச் சுகப்பிரசவம்!

பூசை முடிந்ததும் தர்சினியும் நிரோஜனும் வேம்புக்குக் கீழே நின்று கதைக்கப் போனார்கள். தங்கேஸ்வரி அம்மா என்னையும் பரமேஸ்வரியையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

“அண்ணை, உங்களுக்கு ஒரு பிள்ளைதானே?”

“ஓமோம், ஒண்டுதான்.”

“அப்ப ஆர் உந்த மீனலோசனி? பிள்ளைக்கு ரெண்டு பேரோ?”

“ஐயோ, இல்லை. அவா வேறை ஆள்.”

“சொந்தமோ?”

கோயில் வளவில் நின்று பொய் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆகவே உண்மையையே சொல்வது, ஆனால் கொஞ்சமாகச் சொல்வது என்று முடிவெடுத்தேன். (என் வாழ்நாளில் எடுத்த மோசமான முடிவு.)

“சொந்தமில்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்துபோன பிள்ளை.”

“இப்ப எங்கை?”

“சென்னையிலை, ஆசுபத்திரியிலை.”

“என்ன நடந்தது?”

“மாடிப்படியிலை தள்ளி விழுத்திப்போட்டினம்.”

“ஆர் விழுத்தினது?”

“மாமியார்.”

அந்தச் சொல்லை, மாமியாராக வரப்போகிறவரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

“பொலிசிலை சொல்லேல்லையோ?”

“பொலிஸ் வாறதுக்கிடையிலை நாடகத்தை நிப்பாட்டிப்போட்டாங்கள், அக்கா.”

பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தங்கேஸ்வரி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்த ஏழரை நாடகமோ?” என்றார்.

“ஓம்” என்றேன். தலை குனிந்தபடி, போச்சு, என் பிள்ளையின் வாழ்க்கை போச்சு என்று நினைத்தேன்.

“ஆர் சொன்னது மாமியார் தள்ளினதெண்டு?”

நிமிர்ந்து பார்த்தேன். மனிசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“அந்த மனிசி தள்ளேல்லை. விழுந்தவளைப் பிடிக்கக் கையை நீட்டினது. வியாழக்கிழமை பாக்கேல்லையோ நீங்கள்? படியிலை எண்ணெய் ஊத்தினது மச்சாள்காரி!”

“வியாழக்கிழமை எங்கட பக்கம் கரண்ட் இல்லை” என்றாள் பரமேஸ்வரி. “ஆனா வெள்ளிக்கிழமை ரெண்டு கண்ணாலை பாத்தனாங்கள். அது தள்ளின கை!”

“பிடிச்ச கை!”

“பிடிச்ச கையெண்டா ஏன் பிடிபடேல்லை?” இதைக் கேட்டது நான். பெண் வீட்டுக்காரன் என்பதே மறந்துவிட்டது. “முதல் நாளிலை இருந்து அந்தப் பிள்ளையை என்ன பாடுபடுத்தினவா! உப்புக் கூடினதெண்டு பட்டினி போட்டவா!”

“உப்புக் கூடினா சொல்லத்தானே வேணும்? மாமியார் எண்டா வாயைப் பொத்திக்கொண்டு தின்னோணுமோ?”

“அப்பிடிப்பட்ட மாமியாருக்கு வக்காலத்து வாங்கிற வீட்டிலை…” என்று பரமேஸ்வரி தொடங்கினாள். நல்ல வேளை, மூச்சு முட்டி நின்றாள். தங்கேஸ்வரி அம்மா அதற்கிடையில் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். “வாங்கோப்பா, போவம்” என்று கணவரைக் கூப்பிட்டார்.

சத்தம் கேட்டு வேம்படியிலிருந்து தர்சினி ஓடிவந்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம். இப்போது கண் நிறைந்திருந்தது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, அது பிடிக்க நீட்டின கையெண்டு சொல்லுங்கோ.”

“பிள்ளை, கோயிலிலை நிண்டு எப்பிடிப் பொய்…”

“பொய்யெண்டு எப்பிடித் தெரியும்? நாடகத்தை நிப்பாட்டியாச்சு. எழுதினவனுக்கே முடிவு தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?”

நான் கருவறைப் பக்கம் பார்த்தேன். ஒரு பக்கம் தாய் தகப்பன் இல்லாத, விளக்கு வைக்காமல் சாப்பிடாத மீனலோசனி. மறுபக்கம் மூன்று காது முயல் வெட்டிய என் பிள்ளை. பிள்ளையாரே, பொறுத்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமினேன்.

“அக்கா, யோசிச்சுப் பாத்தா… அது பிடிக்க நீட்டின கைதான்.”

தங்கேஸ்வரி அம்மா ஒரு செருப்போடு நின்றார். “மெய்யாத்தான் சொல்லுறியளோ?”

“மெய்யா.”

“அப்ப ஆயிலியம் எண்டது?”

தைப்பூசக் கணக்கைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று முகம் தேர்த்திருவிழா போல ஒளிர்ந்தது.

“பாத்தியளே! ஆயிலியம்! அதுதான் அந்த மனிசி மருமகள் வந்த நாள் தொட்டு நிம்மதியில்லாமல் திரிஞ்சது! நான் அப்பவே சொன்னனான், பிழை மாமியாரிலை இல்லையெண்டு!” செருப்பைக் கழற்றிவிட்டுத் தர்சினியின் கன்னத்தைத் தடவினார். “எங்கட பிள்ளை ரோகிணி. எங்களுக்கென்ன பயம்? நல்ல நாளைப் பாருங்கோ அண்ணை.”

மீனலோசனிக்கு நாங்கள் ஆசையோடு தேடிக் கொடுத்த நட்சத்திரமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பரமேஸ்வரி அழுதாள். சந்தோசத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் தகப்பன், கால் கழுவுகிற சாட்டில் என் பக்கம் வந்தார். “அண்ணை, அது தள்ளின கைதான். நானும் பாத்தனான். ஆனா எனக்கு வீட்டை போகவேணும்” என்றார்.

கலியாணம் நன்றாக நடந்தது. தர்சினி உடையார்கட்டில் சந்தோசமாக இருக்கிறாள். மாமியார் மாடிப்படி இல்லாத வீட்டில் அவளைத் தாங்குகிறார். அவள் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரியில் நின்றபோது நான் பதறிக்கொண்டு ஐயரிடம் ஓடினேன். அவர் அர்ச்சனைத் தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சிவபாதம், இது வீட்டுப் பிள்ளையோ ரீவிப் பிள்ளையோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஆருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். பேரனுக்கும் பழக்கிவிட்டார்கள். என்னைக் கண்டால் மழலையில், “தாத்தா, வீடோ ரீவியோ?” என்கிறான்.

மீனலோசனி எழும்பினாள் என்ற செய்தி இன்றுவரை வரவில்லை. நேர்த்தியை இடையில் விடக்கூடாது. வெள்ளிக்கு வெள்ளி அர்ச்சனை நடக்கிறது. ஐயர் அந்தப் பெயருக்கு மட்டும் மைக்கை நிப்பாட்டுவார்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொல்வதென்றால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நான் மீனலோசனிக்காக மொட்டை அடித்தேன் என்று முல்லைத்தீவிலும், தீ மிதித்தேன் என்று வவுனியாவிலும் கதைக்கிறார்களாம். அர்ச்சனை மட்டும்தான். ஒன்றையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, அது பிடிக்க நீட்டிய கை என்று நான் சொன்னதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். சம்பந்தி அம்மா இதை வாசிப்பா.