கண்மாய்க்குள் ஒரு கடைசிச் சுற்று

எல்லோருக்கும் முன்னால் போகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் எப்போது நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. கூட்டம் கையைக் காலை ஆட்டிக் கத்தினால், தன்னைத்தான் பாராட்டுகிறது என்று நினைத்துக்கொள்வான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு காரின் கூரைமேல் நின்று, சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தபடி யோசித்துக் கண்டுபிடித்தேன். (யோசிக்க நிறைய அவகாசம் கிடைத்தது.)

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு லேபிள் அச்சாபீசில் நான் டிரைவர். மூன்று பேர் ஓட்டித் தள்ளிய பிறகு எங்கள் முதலாளி கைக்கு வந்த ஒரு கறுப்புக் கார். அதன் பின்சீட்டில் தீப்பெட்டி லேபிள் கட்டுகளை அடுக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக இறக்கிவிட்டு வருவது என் வேலை. அத்தோடு நின்றிருந்தால் இந்நேரம் நான் ஒரு கௌரவமான மனிதன்.

அப்போது ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் நாலு முதலாளிகளுக்குள் யார் கார் வேகம் என்று ஓயாத வாய்ச்சண்டை. ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் ஆடு, மாடு, போலீஸ் மூன்றும் குறுக்கே வரும். அதனால் ஆமத்தூர்ப் பக்கம் காய்ந்து கிடந்த ஒரு கண்மாயைப் பிடித்தார்கள். உள்ளே ஒரு கருவேல மரம். கரையோரம் புறப்பட்டு, மரத்தைச் சுற்றி, மறுபடி கரைக்கு வந்தால் ஒரு சுற்று. மாசி மாதம் தொடங்கி மாதத்துக்கு ஒரு பந்தயம். முதலில் வந்தால் மூன்று பாயிண்ட், இரண்டாவதற்கு ஒன்று. வருஷக் கடைசியில் யாருக்குப் பாயிண்ட் அதிகமோ அவருக்கு ஒரு வெள்ளிக் கும்பா.

முதலாளிகள் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் என்பதால் இரண்டு நிபந்தனை போட்டுக்கொண்டார்கள். பந்தயத்துக்கென்று காரில் எதையும் கழற்றவோ மாட்டவோ கூடாது, அன்றாடம் ஏற்றுகிற லோடோடுதான் ஓட வேண்டும். முடிந்ததும் கார் தானாகவே ஓடி வீடு போய்ச் சேர வேண்டும். கட்டி இழுத்துக்கொண்டு போனால் அந்த வருஷத்துப் பாயிண்ட் மொத்தமும் போச்சு.

மூன்றாவது நிபந்தனை ஒன்று இருந்தது. அதைப் போட்டவர் சுப்பையா. கண்மாயை ஒட்டி நிலம் வைத்திருந்தவர், மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. "காஞ்சு கெடக்குற வரைக்கும் ஓட்டிக்கோங்க. தண்ணி வந்துட்டா கண்மாய் எங்களுது" என்றார். அதைக் கேட்டு நாலு முதலாளிகளும் சிரித்தார்கள். மழை பெய்தால் தீப்பெட்டி காயாது, வெடி காயாது. மேகத்தைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். மழை எங்களைக் கேட்காமல் வராது என்று ஒரு எண்ணம்.

பந்தயம் முடிந்து சுப்பையாவின் களத்தில்தான் காரை நிழலுக்கு நிறுத்துவேன். ஒரு நாள் எஞ்சின் கொதித்துப்போய்த் தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் பானையோடு வந்தாள். காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு மொதல்ல ஊத்த?" என்று கேட்டாள். அவள்தான் சுப்பையாவின் மகள் செல்லத்தாய். அதற்கப்புறம் என் எஞ்சின் மாதாமாதம் கொதித்தது. விசாரித்துப் பார்த்ததில் தூரத்து உறவென்று தெரிய, பெரியவர்கள் பேசினார்கள்.

சுப்பையாவுக்கு ஒரே ஒரு உறுத்தல். "எந்த ஊருக்குப் போறதுக்கு இம்புட்டு வேகம்? சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துலதானே வந்து நிக்கிறீக? இதெல்லாம் ஒரு வேலையா?"

என் முதலாளிதான் வாக்குக் கொடுத்தார். "கும்பாவ ஜெயிச்சுட்டு வரட்டும், பய நம்ம ஆபீசுக்கு மேனேஜர்." அந்த ஒரு சொல்லை நம்பி நிச்சயம் செய்தார்கள். தை மாதம் கல்யாணம். ஆக, கும்பா வந்தால் வேலை, வேலை இருந்தால் பெண். என் வாழ்க்கை மொத்தமும் கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குப் போட்டி தங்கராசு. ஒரு தீப்பெட்டி முதலாளியின் டிரைவர், ஒல்லிப்பிச்சான். பிரேக் என்று ஒன்று காரில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆவணி முடிவில் நான் நாலு பாயிண்ட் முன்னால் இருந்தேன். புரட்டாசிப் பந்தயத்தில் ஒரு கிடை ஆடு குறுக்கே வந்தது. நான் நின்றேன், அவன் ஆடுகளுக்கு நடுவே எப்படியோ நுழைந்து போய்விட்டான். நான் கடைசி. வித்தியாசம் ஒரே பாயிண்டாகக் குறைந்தது. கடைசிப் பந்தயத்தில் அவன் முதலாவது வந்து நான் இரண்டாவது வந்தாலும் கும்பா அவனுக்கு. 

அந்தக் கடைசிப் பந்தயம் நடந்தால்தானே! தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. இந்த வாரம் வடக்கே லோடு போகணும், அடுத்த வாரம் ஆர்டர் முடியணும் என்று முதலாளிகள் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்கள். ஐப்பசி பிறந்து, கடைசி லோடும் போன பிறகுதான் மூச்சு விட்டார்கள். ஐப்பசியில் கண்மாய்க்குள் கார் ஓட்டுவது பற்றி யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. சுப்பையாவைத் தவிர.

அன்று மத்தியானம் களத்துக்கு வந்தார். "மாப்பிள்ளை, மேக்க மின்னிக்கிட்டே இருக்கு. இன்னைக்கு வேண்டாம்."

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "மூணு வருசமா மேக்க மின்னத்தான் செய்யுது மாமா. ஒரு சொட்டு விழுந்துச்சா?"

மூன்று வருஷமாக விளைச்சல் இல்லாத மனிதரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

பந்தயம் தொடங்கியது. தூசிக்காக வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி இரவல் வாங்கி மாட்டியிருந்தேன். (இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள்.) பின்சீட்டு நிறைய கிளிப்படம் போட்ட லேபிள் கட்டுகள். எனக்குப் பின்னால் மூச்சு விடுகிற தூரத்தில் தங்கராசு. பாதிப் பந்தயம் போயிருக்கும், வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி போட்ட நேரத்திலிருந்து எனக்கு உலகமே இருட்டுத்தான். சுளீர் சுளீர் என்று கார்மேல் ஏதோ விழுந்தது. தங்கராசு கல்லெறிகிறான் என்று நினைத்தேன், சத்தியமாக.

மழை என்று உறைத்தபோது ஒரே ஒரு சுற்று பாக்கி. திரும்பிப் பார்த்தேன், தங்கராசைக் காணவில்லை. மற்ற இரண்டு கார்களையும் காணவில்லை. எல்லோரையும் அந்த அளவுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது. கரையில் கூட்டம் வேட்டியைக் கழற்றாத குறையாக ஆட்டிக் கத்தியது. நானும் ஜன்னல் வழியே கையை ஆட்டினேன். மிதித்தேன்.

கண்மாய்க்குள் கிடப்பது கரம்பை மண். காய்ந்தால் சிமெண்டுத் தரை, நனைந்தால் ஆட்டுக்கல்லில் அரைத்த உளுந்து. கரைக்குச் சற்று முன்னால், மடைக்கு எதிரே இருந்த பள்ளத்தில் கார் ஒரு முனகலோடு உட்கார்ந்தது. சக்கரம் சுற்றச் சுற்றக் கீழே போனதே தவிர முன்னால் போகவில்லை. இறங்கலாம் என்று காலை வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போனது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் மீட்டுக்கொண்டு காருக்குள் ஏறினேன். கொடி காட்ட நின்றிருந்த எங்கள் கணக்குப்பிள்ளை அந்தக் கொடியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவது தெரிந்தது.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. மேற்கே பெய்த மழை அத்தனையும் ஓடை வழியாகக் கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் டயரைத் தொட்டது. கதவுக்கு ஏறியது. லேபிள் கட்டுகள் மிதக்கத் தொடங்கின. நான் ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரைமேல் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. செத்தோம் என்றே முடிவு செய்துவிட்டேன். அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கரையில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு ஒரு நிமிஷம் தெம்பு வந்தது. ஒரு உயிருக்காக எப்படித் துடிக்கிறார்கள் பார் என்று நினைத்தேன். நன்றாகப் பார்த்தபோதுதான் சூடம் கொளுத்தித் தண்ணீரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று வருஷம் கழித்துக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்கிறது. என்னை ஒருவரும் கவனிக்கவேயில்லை.

கடைசியில் யாரோ கேட்டார்கள்: "ஏலே, அங்கன நடுத்தண்ணியில நிக்கிறது யாரு?"

"நம்ம செல்லத்தாய்க்குப் பேசியிருக்க மாப்பிள்ளைலே" என்றது இன்னொரு குரல்.

கூட்டத்தில் செல்லத்தாயும் நின்றாள். நிச்சயமான பிறகு அவள் என்னை நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். காலில் செருப்பில்லை, கண்ணில் வெல்டிங் கண்ணாடி, இடுப்பில் ஒட்டிக்கொண்ட ஒரு கிளி லேபிள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? விழுங்கத்தான் பார்த்தது. பாதியில் விட்டுவிட்டது.

சுப்பையாவே லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தார். "நீச்சல் தெரியுமா மாப்பிள்ளை?"

"தெரியாது மாமா."

"ஆனா கார் ஓட்டத் தெரியுது" என்றார். மத்தியானம் நான் பேசிய பேச்சுக்கு அவர் சொன்ன பதில் அவ்வளவுதான்.

கரையேறியதும் தங்கராசு என் தலையைத் துவட்டிவிட்டான். "நாங்க மூணு பேரும் மழையப் பாத்ததும் கரையேறிட்டோம்லே. நீயும் நிறுத்தியிருந்தா பந்தயம் ரத்து. ஒரு பாயிண்ட் ஒனக்குத்தான் கூட. கும்பா ஒன் கையில இருந்திருக்கும்." அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. கார் தானாக வீடு போய்ச் சேராததால் என் பாயிண்ட் மொத்தமும் அழிந்து, கும்பா அவனுக்குப் போனது.

விடிந்தபோது காரின் கூரையும் தெரியவில்லை. முதலாளி கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மடைய வச்சிருக்கது ஒம் மாமனார்தானலே? தெறந்து விடச் சொல்லு. கார் வெளிய வந்தாத்தான் ஒனக்கு வேலை."

போனேன். இந்த வயதுக்குள் எத்தனையோ வீட்டுக்கு எத்தனையோ காரியமாகப் போயிருக்கிறேன். அன்றைக்கு நடந்த நடைபோல ஒன்று கிடையாது.

"மாமா, மடையக் கொஞ்சம் தெறந்தா..."

"இன்னும் நாத்தே பாவலையே. இப்ப எதுக்கு?"

"கார் வெளிய வந்துரும்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மோர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "மூணு வருசமா காஞ்சு கெடந்துச்சு மாப்பிள்ளை. அதனாலதான் நீங்களும் வந்து சுத்துனீக. இப்பத்தான் நெறையுது. ஒரு காருக்காகத் தொறந்துவிட்டேன்னா ஊரு காறித் துப்பும்."

"தெறக்கலேன்னா எனக்கு வேலை இல்ல மாமா."

"அதத்தான் நானும் ரோசிக்கிறேன். வேலை இல்லாத ஆளுக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்க?"

 திறந்தால் ஊர் துப்பும், பெண் இல்லை; திறக்காவிட்டால் வேலை இல்லை, அப்போதும் பெண் இல்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அப்போது உள்ளேயிருந்து செல்லத்தாயின் குரல் வந்தது.

"இந்த வருசம் நாத்து நட, கதிர் அறுக்க ஆள் பத்தாதேப்பா. சும்மா இருக்க ஆள எதுக்கு வெளிய அனுப்புறீக?"

சுப்பையா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அறுப்புக்குத் தேறுவேனா என்று பார்த்திருப்பார். தை அறுப்பு முடிந்த கையோடு எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தாலி முடிச்சை ஒழுங்காகப் போட முடியாமல் நாத்தனார் முறைக்காரி போட்டுவிட்டாள். வயலில் களை எடுத்தபோதெல்லாம் மடை வழியாக வந்த கிளி லேபிள்கள் கையில் சிக்கின. பங்குனியில் தண்ணீர் வற்றி முதலாளி காரை இழுத்துப் போனபோது பின்சீட்டில் கெளுத்தி மீன் இருந்தது. அதன்பிறகு நான் எந்தக் காரையும் தொடவில்லை. விருதுநகரில் பருத்தி மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் எடை போடும் வேலைக்குப் போய் அதிலேயே காலம் தள்ளினேன்.

கார் போய்விட்டது, ஆனால் ஊர் அதை விடவில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஏறியதை ஊரே பார்த்ததல்லவா? மடைக்கல்லில் சுப்பையா தாரால் கோடு போட்டு வைத்தார். டயர், கதவு, கூரை. அதற்குமேல், கூரையில் நின்ற என் உடம்பு. இடுப்பு, நெஞ்சு, கடைசியாகத் தலை. தலை முங்கினால் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது என்று அர்த்தம். இன்றுவரை அந்தக் கண்மாய்க்கு அளவு அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை ஆனால் என் மைத்துனன் ஊரிலிருந்து போன் செய்வான். செல்லத்தாய்தான் எடுப்பாள். "முங்கிட்டாரா?" என்று ஆவலாகக் கேட்பாள். "முங்கிட்டாருக்கா" என்பான். "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கருப்பட்டிப் பணியாரம் சுடப் போய்விடுவாள்.

இந்த வருஷமும் போன் வந்தது. மழை சரியில்லை, கதவோடு நின்றுவிட்டதாம். செல்லத்தாய் போனை வைத்துவிட்டு, எடுத்து வைத்திருந்த பணியாரச் சட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, அத்தனை வருத்தத்தோடு சொன்னாள்: "இந்த வருசமும் பொழைச்சுக்கிட்டீக."