ஆரக்கா திருத்திய பக்க எண்

‘அப்படித்தான் சொல்றாங்க’ என்று சொல்லிவிட்டு ஒருவர் நிம்மதியாக வீடு திரும்ப முடியாத இடம், திருச்செங்கோட்டுக்கும் சேலத்துக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை.

கடைக்கார அம்மாவின் பெயர் மாணவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அங்கே போய்வரும் எனக்கும் தெரியாது, கேட்கத் தோன்றவில்லை. யார் எதைச் சொன்னாலும் “ஆரு சொன்னது?” என்று கேட்பார். அதனால் ஆரக்கா. இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் வந்து வந்து போகும், மின்னல் ஒத்திகை பார்ப்பதுபோல. அந்த வெளிச்சத்தில் அவரிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு.

ரேஷன் கார்டு நகலெடுக்க வந்த பெரியவர் ஒருநாள் சும்மா பேச்சுக்கு, “சாயங்காலம் மழை வருமாமுங்க” என்றார்.

“ஆருங்க சொன்னது?”

“டிவியிலதாங்க.”

“எந்த டிவிங்க? எத்தன மணிச் செய்தியில?”

பெரியவர் யோசித்துச் சொல்வதற்குள் மழையே நேரில் வந்து சாட்சி சொல்லிவிட்டது. “செரி, இத ஒத்துக்கலாமுங்க” என்று நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார் ஆரக்கா.

கல்யாணத் தரகர் ஒருவர் ஜாதகக் கட்டோடு வந்தார். “மாப்ள தங்கமுங்க.” “ஆரு சொன்னது?” “அவங்கம்மாதானுங்க.” “வேற ஆதாரம்?” தரகர் அன்றிலிருந்து பஸ் ஏறி ராசிபுரம் போய் நகலெடுக்கிறார்.

மாணவர்கள் கதி இன்னும் மோசம். கட்டுரையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தால் அவர் படித்துக்கொண்டே அடிப்பார். கோழிப்பண்ணைகளைப் பற்றி எழுதிவந்த, இளம்பிள்ளை ஊர்ப் பையன் ஒருவனிடம் நடுவில் நிறுத்தி, “‘மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்’னு எழுதியிருக்குதே. எங்க சாமி சொடுக்கறது, பேப்பர்லயா?” என்றார்.

“அது என்னோட நடைங்க்கா.”

“நடந்தது போதும், உக்காரு. எந்த எடத்துல எடுத்தியோ அதையெல்லாம் எழுது. அப்பறம்தான் பிரிண்டு.”

நூற்பட்டியல் அடித்த பக்கத்துக்கு மட்டும் அவர் காசு வாங்கமாட்டார். “அதுல இருக்கறது அடுத்தவங்க பேரு சாமி. அதுக்குப் போயி காசா?”

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல நினைக்கும்போதே காது சுடுகிறது. அந்தக் கல்லூரியில் மேற்கோள் காட்டும் முறையைப் பாடமாக நடத்துபவன் நான். ‘பிறர் சொல்லைப் பிறர் பெயரோடு தருக’ என்று தொடங்கும் இரண்டு பக்கக் குறிப்பை மாணவர்களுக்காக நகலெடுக்கப் போனேன்.

“இது நீங்க எழுதுனதுங்களா சார்?”

“ஆமாங்க்கா. ஒரு மாதிரி.”

“போன வருசம் பக்கத்துக் காலேஜ் மேடம் இதையே அறுவது காப்பி எடுத்தாங்க. மூணாவது வரியில அதே எழுத்துப் பிழை.”

திருடாதே என்று சொல்லும் காகிதத்தையே திருடியிருந்தேன். பின்னால் நின்ற என் மாணவிகள் மூவர் ஆகாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சிரித்து மழுப்பினேன். அது சின்னத் திருட்டு. பெரியதை அதற்கு முன்பே செய்து முடித்திருந்தேன்.

ஒரு கோடையில் மின்சாரம் போய்விட்டது. இயந்திரம் நின்ற அமைதியில் ஆரக்கா தங்கள் விவசாயக் காட்டைப் பற்றிப் பேசினார். மூன்றாவது முறையாக போர்வெல் போட்ட கதை. ரிக் வண்டி ஆயிரத்து இருநூறு அடி இறங்கியும் வெறும் புழுதி. “அப்ப எங்கய்யன் வேப்பமரத்தடியில உக்காந்துட்டு ஒண்ணு சொன்னாருங்க சார். ‘நாம தண்ணி கேக்கப் போனோம் புள்ள, மண்ணு நம்மகிட்டத் தண்ணி கேக்குது’ன்னாரு.”

மின்சாரம் வந்தது. நான் வீட்டுக்குப் போனேன். அந்த வாக்கியம் எனக்கு முன்னால் ஓடிப்போய் என் மேசையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து இதே வார இதழில் என் பெயருக்குக் கீழே அது வெளிவந்தது. வேப்பமரத்தை வெட்டினேன். அவருடைய தந்தையை அப்புறப்படுத்தினேன். வாசகர்கள் பாராட்டினார்கள், பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன மாதம் எடப்பாடியிலிருந்து வரும் மாணவி சுகன்யா தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய கட்டுரையைக் கொடுத்தாள். அந்த வாக்கியம் அதில் இருந்தது. கீழே முறைப்படி என் பெயர், இதழ், பக்கம்.

“சார், பக்க எண்ணை நான் தப்பாப் போட்டிருந்தனுங்க. ஆரக்காதான் திருத்துனாங்க. அந்தப் புத்தகத்தைக் கடையிலயே வெச்சிருக்காங்க. எடுத்துப் பாத்து, ‘இருபத்தி ரெண்டு இல்ல சாமி, இருபத்தி நாலு’ன்னாங்க.”

மழைக்கே ஆதாரம் கேட்டவர், தன் தந்தையின் வார்த்தைக்குக் கீழே என் பெயரைத் தன் விரலால் அடித்திருக்கிறார். பக்க எண்ணை மட்டும் திருத்தியிருக்கிறார். அன்றைய மீதி வகுப்பை நான் கரும்பலகையைப் பார்த்தபடியே எடுத்தேன்.

மாலையில் கடைக்குப் போனேன். “ஏனுங்க்கா, எல்லாத்தையும் கேப்பீங்க. என்னை ஏன் கேக்கல?”

அவர் காகிதக் கட்டைத் தட்டிச் சீராக்கினார். “கேட்டா நீங்க எதாச்சும் ஒரு பொய் சொல்லோணும். புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறவரு. உங்கள எதுக்குங்க சார் பொய் சொல்ல வெக்கறது?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இப்ப எழுதிப் போடறனுங்க்கா. உங்க பேரு என்னங்க?”

“எம் பேரு எதுக்குங்க? சொன்னது நானா? எங்கய்யன் பேரு மாரப்பன். அதப் போடுங்க.”

மறுநாள் வகுப்பில் சுகன்யாவின் கட்டுரையில் என் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்றும் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்: அந்த வாக்கியத்தைச் சொன்னவர் மாரப்பன், மூன்றாவது போர்வெல் பொய்த்த அன்று, தன் காட்டு வேப்பமரத்தடியில், தன் மகளிடம். நான் எழுதியதாக நினைத்துப் பாராட்டியவர்கள் அதை அவருக்குத் திருப்பிவிடுங்கள்.

இந்தக் கட்டுரையையும் ஆரக்காதான் தட்டச்சு செய்தார். முதல் பத்தியிலேயே விரல் நின்றது.

“இந்த மாதிரிக் கடை ஒண்ணே ஒண்ணுதான்னு ஆரு சார் சொன்னது?”

“நான்தாங்க்கா. வேற ஆதாரம் இல்ல.”

பச்சை வெளிச்சம் ஒருமுறை அவர் முகத்தில் வந்து போனது.

“செரி. அப்ப இதுக்கு உங்க பேரையே போட்டுக்கலாமுங்க.”